சவுண்ட் கார்டு வாங்கும் முன்: எந்தச் சத்தம், எங்கிருந்து வருகிறது?

மேசைக் கணினியில் பாட்டு நன்றாகக் கேட்கவில்லை என்றதும் நம் மனம் நேரே போய் நிற்பது புது சவுண்ட் கார்டில்தான். "எந்தக் கார்டு நல்லது, எவ்வளவு ஆகும்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இப்போது எது சரியில்லை? இரைகிறதா, உறுமுகிறதா, வெடிக்கிறதா, சத்தம் போதவில்லையா?" இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஒவ்வொரு கோளாறுக்கும் இருப்பிடம் வேறு. சிலவற்றுக்குப் புது கார்டுதான் மருந்து. பலவற்றுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து மாட்டிய பிறகும் அதே உறுமல் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

தனிக் கார்டு இல்லாமல் நல்ல ஒலியே கிடையாது என்றிருந்த காலம் ஒன்று இருந்தது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் முதல் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தபோது, சாதாரணக் கணினிக்கு 'பீப்' என்று கத்துவதைத் தவிர வேறொன்றும் அவ்வளவாகத் தெரியாது. அப்புறம் மதர்போர்டிலேயே ஒலிச் சில்லு வந்தது. 2004இல் இன்டெல்லின் எச்டி ஆடியோ முறை வந்த பிறகு அதன் தரமும் ஏறியது. 2007இல் விண்டோஸ் விஸ்டா, விளையாட்டுகளின் ஒலிக் கணக்கை நேரடியாகக் கார்டிடம் ஒப்படைக்கும் பழைய வழியை மூடிவிட்டது. கார்டு வாங்க இருந்த பெரிய காரணங்களில் ஒன்று அன்றோடு போயிற்று. இன்று நடுத்தர விலை மதர்போர்டுகள் பலவற்றில் இருக்கும் ரியல்டெக் ஏஎல்சி 1220 சில்லுக்குச் சொல்லப்படும் இரைச்சல் விகிதம் (பாட்டுக்கும் அடியில் இருக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி; கூடக் கூட நல்லது) 120 டெசிபெல். ஒரு சிடியின் 16 பிட் ஒலிக்குத் தேவையானது ஏறத்தாழ 96 டெசிபெல்தான். ஆகவே பெரும்பாலும் சில்லின் மேல் குற்றமில்லை. அதைச் சுற்றியுள்ள போர்டும் ஒயரும் ப்ளக்கும்தான் விஷயத்தைக் கெடுக்கின்றன.

முதலில் ஒரு சோதனை

தம்பூரா மட்டும் ஒலிக்கும் ஒரு பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி மீட்டல் மெல்லத் தேய்ந்து அடங்கும் பதிவாக இருக்க வேண்டும். வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் அளவில் சத்தத்தை வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக் கேளுங்கள். அந்த நாதம் தேய்ந்து போகும் கடைசி இரண்டு மூன்று விநாடிகளில்தான் கணினியின் குணம் வெளியே வரும். நாதம் அமைதிக்குள் கரைந்தால் நல்லது. அது கரைவதற்குள் அடியில் வேறு ஏதாவது சத்தம் தலைதூக்கினால், அது என்ன சத்தம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதே பதிவை இதே ஹெட்ஃபோனில் நான்கு இடங்களில் கேட்க வேண்டும். கேபினெட்டின் முன்பக்கத் துளையில் ஒரு முறை. பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் பச்சைத் துளையில் ஒரு முறை. கைபேசியில் ஒரு முறை. முடிந்தால் சார்ஜரைக் கழற்றி வைத்த லேப்டாப்பில் ஒரு முறை. நான்கிலும் ஒரே மாதிரி சப்பென்று இருந்தால் ஹெட்ஃபோன்தான் காரணம். கார்டுக்கு வைத்திருக்கும் பணத்தை ஹெட்ஃபோனில் போடுங்கள். கைபேசியில் நன்றாகவும் கணினியில் மோசமாகவும் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

"பாட்டு தட்டையாக, உயிரில்லாமல் இருக்கிறது"

இதில் கார்டைக் குறை சொல்வது கடைசியில்தான். முதலில் விண்டோஸ் அமைப்புகளில் ஒலிச் சாதனத்தைத் திறந்து, ஒலி மேம்பாடுகள் என்ற பகுதியை முழுக்க அணைத்துவிடுங்கள். மதர்போர்டோடு வரும் ஒலி மென்பொருளில் 'கச்சேரி அரங்கம்', 'குளியலறை', 'மெய்நிகர் சரவுண்ட்' என்றெல்லாம் இருப்பவற்றையும் அணையுங்கள். வீட்டில் பிள்ளைகள் விளையாட்டுக்காக இயக்கிவிட்டு மறந்திருப்பார்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கும்மென்று வராமல் பெட்டிக்குள் தட்டுவது போலக் கேட்டால் இதுதான் காரணம் என்று பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

ப்ளூடூத் ஹெட்செட்டாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஏதாவது ஒரு செயலி அதன் மைக்கைத் திறந்ததும் பல ஹெட்செட்டுகள் தொலைபேசி முறைக்கு மாறிவிடும். அப்போது ஒலி ஒற்றைத் தடமாகி, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி எடுப்புக்கு இறங்கிவிடும். பழைய டிரங்க் கால் போலக் கேட்கும். மைக்காக வேறொரு சாதனத்தைத் தேர்ந்தெடுத்தால் உடனே சரியாகும். எந்தச் சவுண்ட் கார்டு வாங்கினாலும் இது தீராது, ஏனென்றால் ப்ளூடூத்தில் போகும் ஒலி சவுண்ட் கார்டின் பக்கமே வருவதில்லை. மானிட்டரில் இருக்கும் ஹெட்ஃபோன் துளைக்கும் இதே கதைதான். அதற்கு ஒலி எச்டிஎம்ஐ வழியாகப் போகிறது. அங்கே ஒலியாக மாற்றும் வேலையைச் செய்வது மானிட்டருக்குள் இருக்கும் சில்லு. அது பெரும்பாலும் மிகச் சாதாரணமானது.

"வாத்தியம் கேட்கிறது, பாடுபவர் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருக்கிறது"

ப்ளக் முழுதாக உள்ளே போகவில்லை. அல்லது மைக்கோடு சேர்ந்த நான்கு பட்டை ப்ளக்கை, மூன்று பட்டைக்கான துளையில் செருகியிருக்கிறீர்கள். பொது இணைப்பு சரியாகக் கிடைக்காதபோது இடது வலது இரண்டிலும் சமமாக இருக்கும் குரல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். ஓரங்களில் இருக்கும் வயலினும் கடமும் மட்டும் மிஞ்சும். ப்ளக்கை அழுத்திச் செருகுங்கள். அப்படியும் வராவிட்டால், மைக்கையும் ஹெட்ஃபோனையும் இரண்டாகப் பிரிக்கும் ஒய் வடிவ ஒயர் ஒன்று வாங்கினால் போதும்.

"எதுவும் பாடாதபோதும் 'ஸ்ஸ்ஸ்' என்கிறது"

இது சீரான இரைச்சல். மவுஸை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் மாறாது. ஸ்பீக்கரில் கேட்டால், கணினியிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். பிடுங்கிய பிறகும் ஸ்ஸ் இருந்தால் அது ஸ்பீக்கருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சல். பிடுங்கினால் நின்றுவிடுகிறதா? பெரும்பாலும் அளவு வைத்த முறையில்தான் பிழை. கணினியில் சத்தத்தை 20இல் வைத்து, ஸ்பீக்கரின் குமிழை முழுக்கத் திருப்பி வைத்திருப்போம். அப்போது ஸ்பீக்கர் பாட்டோடு கணினியின் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குகிறது. தலைகீழாக மாற்றுங்கள். கணினியில் 80, 90 என்று வைத்து, ஸ்பீக்கர் குமிழைப் போதுமான அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் பாட்டுக்கு அடியில் அமுங்கிவிடும். மைக், லைன் இன் போன்ற உள்ளீடுகளின் ஒலி ஸ்பீக்கருக்குத் திருப்பி விடப்பட்டிருந்தால் அவற்றையும் மௌனமாக்குங்கள்.

காதுக்குள் செருகும் இயர்ஃபோனில் ஸ்ஸ் வந்தால் நிலைமை வேறு. அவற்றில் சில மிகக் கூர்மையானவை, ஒரு மில்லிவாட்டில் கத்தித் தீர்த்துவிடும். மதர்போர்டின் துளையில் இருக்கும் மிகச் சிறு இரைச்சலையும் விடாமல் காட்டிக்கொடுக்கும். இங்கே புது வெளியீடு உண்மையிலேயே உதவும். ஆனால் பெரிய பெட்டியெல்லாம் தேவையில்லை. ஆப்பிள் விற்கும் யுஎஸ்பி-சி அடாப்டர், அதுதான் விரல் நீள ஒயருக்கு ஒரு முனையில் 3.5 மிமீ துளை இருக்குமே, அதற்குள்ளேயே ஒரு முழு டாக் (எண்களாக வரும் பாட்டை ஒலியாக மாற்றும் கருவி) இருக்கிறது. சுமார் 1 வோல்ட் வரை தரும். ஐரோப்பாவில் விற்கப்படுவது அதில் பாதிதான். அதன் அமைதி, பல மடங்கு விலையுள்ள கார்டுகளுக்குச் சளைத்ததல்ல. கணினியில் யுஎஸ்பி-சி துளை இல்லையென்றால் ஒரு சிறு மாற்றி போதும்.

"மவுஸை நகர்த்தினால் 'கீகீகீ' என்கிறது"

எல்லாக் கோளாறுகளிலும் மனிதரை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பக்கத்துத் தெருவில் ஒரு கல்லூரி மாணவர். அவருடைய கணினியில் இணையப் பக்கத்தை மேலே கீழே உருட்டினால் ஸ்பீக்கரில் பூச்சி கத்துவது போல ஒரு சத்தம். விளையாட்டைத் திறந்தால் அது நீண்ட விசிலாகிவிடும். பட்டியலில் கீழே போகப் போக அந்த விசிலின் சுருதி ஏறி இறங்குவதுகூடத் தெளிவாகக் கேட்டது. மதர்போர்டின் சில்லுதான் கெட்டுவிட்டது என்று யாரோ சொல்ல, சேர்த்து வைத்த பணத்தில் கேபினெட்டுக்குள் செருகும் கார்டு ஒன்று வாங்கி மாட்டியிருந்தார். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. என்னைக் கூப்பிட்டபோது அவர் முகம் வாடித்தான் இருந்தது.

ஸ்பீக்கர் ஒயரைக் கார்டிலிருந்து எடுத்துவிட்டு, அதே துளையில் என் ஹெட்ஃபோனைச் செருகினேன். நல்ல அமைதி. உருட்டினாலும் அமைதி. ஆக, கார்டு சுத்தம்; பழைய சில்லும் சுத்தமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அப்புறம் அந்த ஸ்பீக்கரின் ஒயரைப் பார்த்தேன். அதில் இரண்டு முனைகள்: ஒன்று 3.5 மிமீ ப்ளக், மற்றொன்று மின்சாரத்துக்கான யுஎஸ்பி. இரண்டும் அதே கணினியில். யுஎஸ்பி முனையைப் பிடுங்கி, சுவரில் இருந்த கைபேசி சார்ஜரில் செருகினோம். பூச்சி அந்தக் கணமே நின்றது.

நடந்தது இதுதான். ஸ்பீக்கருக்கு மின்சாரமும் ஒலியும் ஒரே கணினியிலிருந்து இரண்டு வழியாகப் போகின்றன. இரண்டு ஒயரிலும் தரை இணைப்பு (கிரவுண்ட், அதாவது மின்னோட்டம் திரும்பி வரும் பொதுக் கம்பி) இருக்கிறது. ஆகவே தரை வழியே ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் மின்னோட்டத்தை விட்டு விட்டு இழுக்கும்போது கணினியின் தரையில் சிறு ஏற்ற இறக்கங்கள் எழும். அவற்றில் ஒரு பகுதி ஒலி ஒயரின் தரை வழியாகவும் ஓடுகிறது. ஸ்பீக்கர் அதைப் பாட்டென்று நினைத்துப் பெருக்கிவிடுகிறது. திரை மாறும்போதெல்லாம் கிராஃபிக்ஸ் கார்டின் வேலை மாறுவதால் மவுஸோடு சேர்ந்து சத்தமும் ஆடுகிறது. கார்டை மாற்றினால் வளையம் அறுபடாது. மின்சாரத்தை வேறிடத்திலிருந்து கொடுத்தால் அறுபடும்.

உங்கள் வீட்டிலும் இதே வரிசையில் பாருங்கள். ஹெட்ஃபோனை மட்டும் பின்பக்கத் துளையில் செருகும்போது சத்தம் இல்லையென்றால் வளையம்தான். மேலே சொன்னதைச் செய்யுங்கள். ஹெட்ஃபோனிலும் இருக்கிறதா? அப்படியென்றால் முன்பக்கத் துளையிலா, பின்பக்கத் துளையிலா என்று பாருங்கள். முன்பக்கத் துளைக்குப் போகும் ஒயர் மதர்போர்டின் ஒரு மூலையில் தொடங்கி, கிராஃபிக்ஸ் கார்டின் அடியிலோ ஓரத்திலோ உரசிக்கொண்டு கேபினெட் முழுக்கச் சுற்றி வருகிறது. மலிவான கேபினெட்டுகளில் அந்த ஒயருக்குக் கவசமும் இருக்காது. முன்பக்கத்தில் மட்டும் கீகீ வந்தால் அந்த ஒயரைக் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து தள்ளி, கேபினெட்டின் அடிப்பக்கமாகக் கொண்டுபோய்க் கட்டுங்கள். அல்லது பின்பக்கத் துளையிலிருந்து நல்ல நீட்டிப்பு ஒயர் ஒன்றை மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

பின்பக்கத்திலும் ஹெட்ஃபோனில் கீகீ கேட்கிறது, வேறு எந்த ஒயரும் செருகவில்லை. சரி, இப்போது போர்டின் அமைப்பே மோசம் என்று நம்பலாம். விலை குறைந்த போர்டுகளில் ஒலிப் பகுதியை மற்றப் பகுதிகளிலிருந்து சரியாகப் பிரித்து வைத்திருக்க மாட்டார்கள். இந்த இடத்தில் சவுண்ட் கார்டு வாங்குவது நியாயமான செலவு. கேபினெட்டுக்கு வெளியே உட்காரும் யுஎஸ்பி டாக் வாங்குவது அதைவிடப் பாதுகாப்பு.

"'ம்ம்ம்' என்று அடியில் ஓர் உறுமல்"

இது மின்சாரத்தின் சொந்தக் குரல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே உறுமல் 50லோ அதன் மடங்கான 100லோ இருக்கும். மவுஸை அசைத்தால் மாறாது. கணினியை அணைத்த பிறகும், ஒயர் செருகியே இருந்தால், சில வீடுகளில் தொடரும்.

முதலில் எர்த்தைப் பாருங்கள். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்கு இரண்டு சிறு கெபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். மின்சாரத்தில் வரும் குப்பையை எர்த்துக்குத் தள்ளுவதுதான் அவற்றின் வேலை. வீட்டில் எர்த் ஒழுங்காக இல்லாவிட்டால் தள்ள இடமில்லை. அப்போது கேபினெட்டே 230இல் ஏறக்குறைய பாதி வோல்டேஜில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது, ஆனாலும் வெறுங்காலோடு நின்று கேபினெட்டின் பின்பக்கத் திருகைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கும். லைன் டெஸ்டரை வைத்தால் விளக்கு மங்கலாக மினுங்கும். உங்கள் கணினியில் இப்படி நடந்தால் ஒலியை விடுங்கள். முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். உறுமல் அதோடு போய்விடுவதும் உண்டு.

எர்த் நன்றாக இருந்தும் உறுமினால் மறுபடியும் வளையம்தான், ஆனால் பெரிய வளையம். கணினி ஒரு சுவரின் ப்ளக்கில், ஆம்ப்ளிஃபையர் எதிர்ச் சுவரின் ப்ளக்கில், இரண்டுக்கும் மூன்று பின். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொண்டுவாருங்கள். பல நேரங்களில் பாதிக்கு மேல் குறைந்துவிடும். டிவியோடு இணைத்த ஹோம் தியேட்டர் என்றால், டிஷ் அல்லது கேபிள் ஒயரை டிவியின் பின்னால் ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் மொட்டை மாடியிலிருந்து வரும் அந்த ஒயர்தான் வளையத்தை மூடுகிறது.

இன்னும் மிச்சமிருந்தால் நடுவில் ஓர் ஐசோலேட்டர் போடலாம். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உள்ளே இரண்டு சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒலி தாண்டிப் போகும், தரை தாண்டாது. மிக மலிவானவை அடித்தள ஒலியைக் கொஞ்சம் விழுங்கிவிடும். மிருதங்கம், தவில் விரும்பிக் கேட்பவர்களுக்கு அது உறுத்தும். அதைவிடச் சுத்தமான வழி ஆப்டிக்கல். மதர்போர்டின் பின்னால் சிவப்பு ஒளி எட்டிப் பார்க்கும் சதுரத் துளை இருந்தால், அதிலிருந்து ஒலி வெளிச்சமாகப் போகிறது. வெளிச்சத்துக்குத் தரை இணைப்பு கிடையாது. வளையத்துக்கு இடமே இல்லை. ஆப்டிக்கல் உள்ளீடு கொண்ட டாக் அல்லது ஆம்ப்ளிஃபையர் இருந்தால் பிரச்சினை அடியோடு தீர்ந்தது.

யுஎஸ்பி டாக் வாங்கினால் உறுமல் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். யுஎஸ்பி ஒயரிலும் தரை இருக்கிறது. ஹெட்ஃபோன் மட்டும் கேட்பவருக்கு அது பிரச்சினையில்லை. மூன்று பின் ஸ்பீக்கரோடு இணைப்பவருக்கு வளையம் அப்படியே இருக்கும்.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம். மூன்று பின் ப்ளக்கின் தடித்த காலை உடைத்துவிட்டால் உறுமல் நிற்கும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நிற்கும்தான். ஆனால் என்றாவது ஒருநாள் உள்ளே ஃபேஸ் ஒயர் உடம்பில் பட்டால், அதைத் தாங்க வேண்டிய எர்த் இருக்காது. தொடுபவரின் கைதான் இருக்கும். ஒலிக்காக யாரும் அந்த விலையைக் கொடுக்கக் கூடாது.

"நடுநடுவே டப், டப் என்று வெடிக்கிறது"

பாட்டு ஓடும்போது சிறு சிறு வெட்டு, கம்பளி நைந்தது போல. பெரும்பாலும் டிரைவரின் (சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளின்) வேலை. ஒலிச் சில்லுக்கு அடுத்த துண்டு நேரத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். வைஃபை, கிராஃபிக்ஸ், நெட்வொர்க் டிரைவர்கள் ப்ராசஸரை நீண்ட நேரம் பிடித்து வைத்துக்கொண்டால் இப்படி ஆகும். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் பிடித்து வைக்கிறது என்று பெயரோடு காட்டும். அதைப் புதுப்பியுங்கள். யுஎஸ்பி சாதனமாக இருந்தால் ஹப்பிலிருந்து எடுத்து, பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள். யுஎஸ்பியின் மின்சேமிப்பை அணையுங்கள். பாட்டுப் பதிவு செய்பவர்கள் பஃபர் அளவை 128இலிருந்து 256, 512 என்று ஏற்றிப் பார்க்கலாம்.

டிரைவரா சாதனமா என்று குழப்பமாக இருந்தால், பென் டிரைவிலிருந்து நேரே ஓடும் உபுண்டுவைத் திறந்து அதே பாட்டைப் போடுங்கள். அங்கே வெடிக்கவில்லை என்றால் சாதனம் பிழைத்தது. விண்டோஸ் பக்கம்தான் வேலை.

"முழுக்க ஏற்றியும் சத்தம் போதவில்லை"

கார்டு வாங்க இது நல்ல காரணம். ஹெட்ஃபோன்களுக்கு ஓம் கணக்கு உண்டு, அதாவது மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கின்றன என்ற அளவு. கைபேசிக்கென்று வருபவை 16, 32 ஓம். சென்ஹெய்சர் எச்டி 600 என்றால் 300 ஓம். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவில் பரவலாக விற்கும் வகை 250 ஓம். ஒரு வோல்ட் கொடுத்தால் 32 ஓமில் 31 மில்லிவாட் பாயும். அதே ஒரு வோல்ட்டுக்கு 300 ஓமில் பாய்வது 3.3 மில்லிவாட். இரண்டு வோல்ட் கொடுத்தால் அது 13 ஆகும். ஆகவே இந்த வகை ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்கள், அதிக வோல்ட் தரும் ஆம்ப் உள்ள கார்டையோ டாக்கையோ தேட வேண்டும். 2009இல் வந்த ஆசுஸ் சோனார் எசென்ஸ் எஸ்டிஎக்ஸ் இதற்காகவே பேர் வாங்கியது. 600 ஓம் வரை ஓட்டும் என்றார்கள். இன்றும் பழைய பொருள் சந்தையில் கிடைக்கிறது. ஆனால் பழைய கார்டு வாங்கும் முன், உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் இருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

சத்தம் போதும், ஆனால் அடித்தளம் தொளதொளவென்று இருக்கிறது என்பது இதன் தம்பி. பல மதர்போர்டுகளின் பின்பக்கத் துளை ஸ்பீக்கருக்கென்றே அமைந்தது. ஒலியின் பாதையில் ஒரு மின்தடை தொடராக இருக்கும். ஸ்பீக்கருக்கு அது தெரியாது. 32 ஓம் ஹெட்ஃபோனின் பிடியை அது தளர்த்திவிடும். வெளியீட்டின் ஓம், ஹெட்ஃபோன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது வழக்கத்தில் உள்ள கணக்கு. 32 ஓமுக்கு 4 ஓம். நல்ல கார்டுகளின் ஹெட்ஃபோன் துளை 1, 2 ஓமில் இருக்கும்.

"என் குரல் மற்றவர்களுக்கு இரைச்சலோடு போகிறது"

மைக் பூஸ்ட் 30 டெசிபெலில் இருக்கும். 10க்கு இறக்கி, மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்படியும் போதவில்லை என்றால் யுஎஸ்பி மைக் வாங்குவது, கார்டும் மைக்கும் தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு. மேடையில் பிடித்துப் பாடும் எஸ்எம் 58 போன்ற மைக்குகள் தருவது ஓரிரு மில்லிவோல்ட்தான். அவற்றுக்குக் கணினியின் இளஞ்சிவப்பு மைக் துளை போதாது. அதற்கு ப்ரீஆம்ப் (மைக்கின் சிறு ஒலியைப் பெருக்கும் பகுதி) உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் வெளிப்பெட்டி வேண்டும். கன்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட் தரும் பொத்தான் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனையும் பார்த்து, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

ஹெட்ஃபோனில் மட்டும் கேட்பவர்கள் யுஎஸ்பி டாக் வாங்குங்கள். 32 ஓமுக்கு உட்பட்ட எளிய ஹெட்ஃபோன் என்றால் அந்த விரல் நீள அடாப்டரே போதும். 250, 300 ஓம் என்றால் ஆம்ப் உள்ள டாக்காக வாங்குங்கள்.

பெரிய ஸ்பீக்கரில் கேட்பவர்கள், குறிப்பாக ஸ்டூடியோ மானிட்டர் எனப்படும் பதிவுக்கூட ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள், பேலன்ஸ்டு வெளியீடு உள்ள இன்டர்ஃபேஸை வாங்குங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, பெஹ்ரிங்கர் யுஎம்சி 202 எச்டி போன்றவை பாட்டுப் பதிவுக்கென்று வந்தாலும் கேட்பதற்கும் அருமையானவை. பேலன்ஸ்டு ஒயரில் ஒலி இரண்டு கம்பியில் எதிரெதிராகப் போவதால், வழியில் ஒட்டிக்கொள்ளும் உறுமல் மறுமுனையில் கழிந்துவிடும். எனக்குத் தெரிந்து, ஸ்பீக்கர்காரர்களுக்குக் கொடுத்த பணத்துக்கு இவ்வளவு நிம்மதி தரும் பொருள் வேறில்லை.

கேபினெட்டுக்குள் செருகும் கார்டை நான் சொல்வது இரண்டு பேருக்கு மட்டும். ஐந்து, ஏழு ஸ்பீக்கர்களைத் தனித்தனி ஒயரில் இணைத்திருப்பவர்களுக்கு. மேசையில் இன்னொரு பெட்டிக்கு இடமே இல்லாதவர்களுக்கு. 2017இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் ஏஇ-5 போன்றவை உண்மையிலேயே நல்ல கார்டுகள். மாட்டும்போது கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேர் அடியில் இருக்கும் சிறு ஸ்லாட்டைத் தவிர்த்து, எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே மாட்டுங்கள். காற்றோட்டமும் கெடாது, இரைச்சலும் ஒட்டாது.

அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் எண்களைப் பார்த்து விலையைத் தீர்மானிக்காதீர்கள். ஹெட்ஃபோன் துளையின் ஓம் என்ன, எத்தனை ஓமில் எத்தனை மில்லிவாட், இரைச்சல் விகிதம் எவ்வளவு, டிரைவர் கடைசியாக எப்போது வந்தது. இந்த நான்கும் கிடைத்தால் போதும். திருப்பிக் கொடுக்க வழியுள்ள கடையில் வாங்கி, வந்த அன்றே பழைய ஒலிச் சில்லைப் பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கத்தில்) அணைத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, அதே தம்பூராப் பதிவைப் போடுங்கள். கடைசி மீட்டல் தேயும்வரை கேளுங்கள். அடியில் இன்னும் ஏதாவது கேட்டால் பில்லைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.